பத்துமலையில் பெண் பார்த்தல்

மே 3, சனி

டூர் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஆரஞ்சுத் தொப்பி, ஒரு தோள்பை, ஒரு டைரி கொடுத்திருக்கிறார்கள். தொப்பி என் தலைக்குச் சிறியது. தோள்பை போன டூருக்கு அச்சடித்தது போல, துபாய் என்று போட்டிருக்கிறது. டைரியில் மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால் எழுத ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் அப்படியே எழுந்து வந்தவன் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

பெயர் ஆவுடையப்பன். கோவில்பட்டியில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. அடுத்த சனிக்கிழமை நானும் மூத்த மகள் செண்பகமும் மலேசியா போகிறோம். ஐந்து நாள். முப்பத்துநாலு பேர். வீட்டுக்காரி வரவில்லை. இளையவளுக்கு இது எட்டாம் மாதம், அவளைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் இருக்கிறாள். ஆமாம், இளையவளுக்குக் கல்யாணம் ஆகி மூன்று வருடம் ஆகிவிட்டது. மூத்தவளுக்கு வயது முப்பத்தொன்று.

செண்பகம் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டியில் போனவளை ஒரு லாரி தட்டியது. இடது முட்டிக்குக் கீழே ஸ்டீல் பிளேட் இருக்கிறது. சமதரையில் நடந்தால் யாருக்கும் தெரியாது. படியில் இறங்கினால் கொஞ்சம் இழுக்கும். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதா'னுக்குப் பதினோரு குடும்பம் காப்பி குடித்துவிட்டுப் போயாகிவிட்டது. கடைசியாக வந்தவர்கள், "பொண்ணை அந்த மாடிப்படியில ஒரு நடை ஏறி இறங்கச் சொல்லுங்க" என்றார்கள். ஏறி இறங்கினாள். மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே யாரு முன்னாலயும் என்னைக் கொண்டு நிறுத்த மாட்டேன்னு சொல்லுப்பா."

சொன்னேன்.

இந்த டூரை நான் அவளுக்குத் தருகிற பரிசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பரிசுதான். கூடவே இன்னொன்றும் இருக்கிறது. தரகர் வீரபாகு சொன்ன தூத்துக்குடிக் குடும்பம் ஒன்று அதே பஸ்ஸில் வருகிறது. சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று நான் இழுத்ததற்கு வீரபாகு சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க எங்கயும் கொண்டு நிறுத்த வேண்டாம். அவ பாட்டுக்கு பஸ்ல உக்காந்து வருதா. பாக்குறவங்க பாத்துக்கிடுவாங்க. நின்னாத்தானே சத்தியம்?"

மனுஷன் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

மே 9, வெள்ளி

பெட்டி கட்டியாகிவிட்டது. செண்பகம் புது ஷூ வாங்கியிருக்கிறாள். இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒரே வீடியோவைத்தான் பார்க்கிறாள். கெந்திங் மலைக்குப் போகிற கேபிள் கார். கண்ணாடிப் பெட்டி ஒன்று மேகத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது.

"காலே இல்லாம மலை ஏறலாம்ப்பா. எனக்கு வேற எதையும் காட்டாண்டாம், இது ஒண்ணு போதும்" என்றாள்.

மே 10, சனி

திருச்சி ஏர்போர்ட். பையன் பெயர் சிவசைலம், முப்பத்தாறு, பேப்பர் மொத்த வியாபாரம். அப்பா இல்லை. அம்மா கோமதி அம்மாள். இரண்டு வீட்டாரும் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நான் நடிப்பில் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன். மலேசியா விமானத்துக்கான வரிசையில், ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்ற சிவசைலத்திடம், "தம்பிக்கு எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அமைதியான பையன். நல்லதுதான்.

மே 11, ஞாயிறு

ஊர் சுற்றினோம். ரோஸ் கலரில் ஒரு மசூதி, ஒரு ஏரி, ஒரு பாலம், ஒரு டவர். பஸ்ஸில் டூர் மேனேஜர் டேனியல் மைக்கைக் கொடுத்து எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். நான், "நான் கோவில்பட்டி ஆவுடையப்பன். ஊர்ல எல்லார் வீட்டு மிக்ஸியும் நான் தொட்டாத்தான் சத்தம் போடும், என் வீட்டுக்காரி மட்டும் தொடாமலே போடுவா" என்றேன். பஸ் குலுங்கிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு 'மைக் மாமா' என்று பெயர்.

தாமதமாக பஸ் ஏறுகிறவர்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். எதற்குப் போட்டேன் என்பது எனக்கும் கோமதி அம்மாளுக்கும் மட்டும் தெரியும். மசூதியிலிருந்து திரும்பும்போது செண்பகத்தைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு நான் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஓடிவந்தாள். மொத்தப் பஸ்ஸும், "பாட்டு! பாட்டு!" என்றது.

"ஏப்பா, நீதானே என்னை அனுப்புன! நீயே மாட்டிவிடுதியா?" என்று சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினாள். பழைய பாட்டு ஒன்று பாடினாள். வீட்டில் அவள் பாடி நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது. பக்கத்து சீட் நாகர்கோவில் லூர்து டீச்சர், ரிட்டையர் ஆனவர், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

கீழே இறங்கும்போது கோமதி அம்மாள் என் காதருகே வந்து, "குரல் பரவால்ல அண்ணாச்சி. நடையைத்தான் பாக்கணும். நாளைக்குப் படி இருக்காமே?" என்றார்.

பத்துமலை. இருநூற்று எழுபத்திரண்டு படி.

மே 12, திங்கள்

காலை, ஹோட்டல்.

இட்லி என்று ஒன்று வைத்திருந்தார்கள். கிரைண்டர்காரன் என்ற முறையில் கருத்துச் சொல்லாமல் விடுகிறேன். வீட்டுக்காரி போன் பண்ணினாள். இளையவள் நன்றாக இருக்கிறாளாம். அடுத்த கேள்வி, "அங்க என்னாச்சு?" அதற்கடுத்து, "இதையும் விட்டுட்டு வந்தீங்கன்னா நான் ஓசூர்லயே இருந்துக்கிடுதேன்."

மதியம், பஸ்ஸில்.

எழுத நேரம் கிடைத்திருக்கிறது. எல்லோரும் சாக்லேட் கடையில் இருக்கிறார்கள். இந்த ஊரில் எந்த டூர் போனாலும் சாக்லேட் கடையில் இறக்கிவிட்டுத்தான் மறு வேலை போலிருக்கிறது.

பத்துமலையில் காலை எட்டரைக்கு இறங்கினோம். தங்கக் கலரில் முருகன், பனைமரத்தை இரண்டு அடுக்கு அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். பக்கத்தில் வானவில் கலரில் படி. செண்பகம் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அப்பா, நீ போயிட்டு வா. நான் கீழயே இருக்கேன். சாயங்காலம் கேபிள் கார் இருக்குல்லா, காலைச் சேத்து வச்சுக்கிடுதேன்" என்றாள். சிலைக்குக் கீழே புறாக்களுக்குப் பக்கத்தில் கோமதி அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முட்டி வலி, ஏற முடியாது.

நான் என்ன செய்ய? "ஏட்டி, உன் தங்கச்சி பிரசவம் நல்லபடியா நடக்கணும்னு நேந்திருக்கேன். அவ கூடப்பொறந்தவ ஏறி வந்து கும்புடுவான்னு. நான் ஏறினா செல்லாது" என்றேன்.

அப்படி எதுவும் நான் நேர்ந்துகொள்ளவில்லை. முருகனிடம் அப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், நம் ஊர்க்காரர்தானே.

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். "முன்னாலயே சொல்லியிருந்தா முட்டிக்கு பெல்ட் கட்டிட்டு வந்திருப்பேன்லாப்பா" என்றாள். பிறகு ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஏற ஆரம்பித்தாள். நேர்த்திக்கடனை ஷூ போட்டுக்கொண்டு செய்யக் கூடாதாம்.

பத்துப் படியிலேயே பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். கீழேயிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். நான் சத்தம் போட்டேன்: "ஏட்டி, கைப்பிடியில குரங்கு உக்காந்திருக்கு, கடிச்சு வச்சிரும். கையை எடு!" குரங்கு இருந்தது, பொய் இல்லை. ஆனால் ரொம்ப மேலே இருந்தது. கையை எடுத்துவிட்டாள். அதன் பிறகு கடைசிப் படி வரைக்கும் பிடிக்கவில்லை.

சிவசைலம் அவளுக்குப் பத்துப் படி பின்னால் வந்தார். அவர் அம்மா அப்படி வரச் சொல்லியிருப்பார். நூறாவது படியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அறுபது வயது, எண்பத்தேழு கிலோ. ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு விசிறிவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்த்து நான் 'தேங்க்யூ சிஸ்டர்' என்றதும், அது என்னைத் தாத்தா என்று நினைத்திருக்கும் போல, கையைப் பிடித்துப் பத்துப் படி ஏற்றிவிட்டது. மலேசியாவுக்கு வந்ததில் இதுவரை எனக்கென்று கிடைத்தது இதுதான்.

உச்சியில் செண்பகம் பாறையில் சாய்ந்து நின்றிருந்தாள். வேர்வை. உதடு வெள்ளையாக இருந்தது. சிவசைலம், "தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்துவிட்டு, "தேங்க்ஸுங்க" என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. இரண்டு பேரும் பேசிவிட்டார்கள்.

இறங்குவதுதான் சிரமமாகிவிட்டது. இடது காலைக் குறுக்கே வைத்து, நண்டு மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் முன்னால் போய் மறைத்துக்கொண்டு நடந்தேன். என்னை மாதிரி ஆளாலேயே மறைக்க முடியாது என்றால் வேறு யாரால் மறைக்க முடியும்! ஆனால் படி அகலம். கீழே கோமதி அம்மாள் எழுந்து கொஞ்சம் தள்ளி நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

அடிவாரத்தில் லூர்து டீச்சர் இளநீர்க் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் கட்டி முட்டியில் வைத்தார். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது.

"அண்ணே, இந்தக் காலை வச்சுக்கிட்டு இவ்வளவு ஏறப்படாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"டீச்சர், முருகனே ரெண்டு பொண்டாட்டி கட்டுறதுக்கு மலை மலையா ஏறினவர். நாம ஒரு மலை ஏறக் கூடாதா?" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. சர்ச்சுக்குப் போகிறவர், முருகன் ஜோக் புரிந்திருக்காது.

சாயங்காலம், பஸ்ஸில், திரும்பும் வழியில்.

நல்ல செய்தியும் இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

கேபிள் கார் ஸ்டேஷனுக்குப் போக எஸ்கலேட்டர், அதற்கப்புறம் நீள நடை. செண்பகம் சீட்டை விட்டு எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"நீ போப்பா. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"நானும் இருந்துருதேன்ம்மா" என்றேன். சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வெளியே கோமதி அம்மாள், "அண்ணாச்சி, நம்ம ஒரே பெட்டியில ஏறிக்கிடுவோம். பேசிக்கிட்டே போலாம்" என்று கூப்பிட்டார். பதினோரு குடும்பத்தில் ஒரு குடும்பம்கூட என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

"எனக்கு உயரம்னா ஆகாது, நான் இவகூட இருக்கேன்" என்று லூர்து டீச்சர் உட்கார்ந்துகொண்டார். நேற்று டவர் உச்சியில் கண்ணாடித் தரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர் அவர்.

கண்ணாடிப் பெட்டியில் ஒரு பக்கம் அம்மாவும் மகனும், எதிரே நான். காலுக்குக் கீழே காடு. மேகம் வந்து மூடிக்கொண்டது. உள்ளே மூன்று பேர் மூச்சு மட்டும் கேட்டது. செண்பகம் இருந்திருந்தால் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்திருப்பாள்.

கோமதி அம்மாள் ஆரம்பித்தார். "கால் இழுக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. ஏறும்போது தெரியல. இறங்கும்போது தெரிஞ்சிட்டு. வீரபாகு இதைச் சொல்லல."

நான் ஒரு ஜோக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே, "ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

கேட்டது சரிதானா என்று சிவசைலத்தைப் பார்த்தேன். அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு வலியிலயும் ஒரு வார்த்தை சொன்னாளா? ஏறுன்னா ஏறுதா. கையை எடுன்னா எடுக்கா. எனக்கு அதுதான் வேணும். மொதல்ல வந்தவளுக்கு வாய் ஜாஸ்தி. ஒண்ணு சொன்னா ஏன்னு கேப்பா. அடுப்படியில சின்னதா ஒரு சூடு பட்டுச்சு, அதைக் கொண்டு போயி ஸ்டேஷன் வரைக்கும் இழுத்து, நாலு மாசத்துல வக்கீல் நோட்டீஸ். அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும், தெரியும்" என்றேன்.

தெரியாது. வீரபாகு அவர்கள் பக்கத்து விஷயத்தையும் சொல்லவில்லை. சரி, நானும் காலைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. சமையல் என்றால் சூடு படத்தான் செய்யும். என் கையில்கூட சால்டரிங் சூடு ஏழெட்டு இருக்கிறது.

"தம்பிக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"அவன் என்ன சொல்லப்போறான்" என்றார் கோமதி அம்மாள். "நாளைக்குக் காலையில எல்லார் முன்னாலயும் பூ வச்சிருவோம். வெளிநாட்டுல நிச்சயம்னா ஊர்ல ஒரு பேரு இருக்கும்."

மேலே போய் என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கட்டடங்கள் இருந்தன.

பஸ்ஸுக்குத் திரும்பியபோது எல்லோரும் ஏறிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான் தாமதம். சட்டப்படி நாங்கள் பாட வேண்டும். யாரும் கேட்கவில்லை. சிலர் போனைப் பார்த்தார்கள், சிலர் என்னைப் பார்த்தார்கள். பயணக் களைப்பு. செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். "சூப்பர் கேபிள் கார்ம்மா, மேகம் மூக்குல ஏறிட்டு" என்றேன். தலையை ஆட்டினாள்.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் மைக் மாமா தேவை. டேனியல், "சார், இன்னைக்கு வேண்டாமே" என்றார். விடுவேனா? இவள் கால் விஷயத்தை நாமே சிரிப்பாக்கிவிட்டால் நாளைக்கு யாரும் பேச மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. மைக்கை வாங்கி, "எல்லாரும் பொண்ணுக்குத் தங்கம் போட்டு அனுப்புவாங்க. நான் மட்டும்தான்யா எவர்சில்வரை உள்ளேயே வச்சு அனுப்புறேன். களவு போகாது, கறுக்காது!" என்றேன்.

இந்த ஜோக் ஊரில் சக்கைபோடு போடும். முப்பத்துநாலு பேரில் சிரித்தது ஒரே ஒருத்தர், கோமதி அம்மாள். போகட்டும், சிரிக்க வேண்டியவர் சிரித்துவிட்டார்.

மே 13, செவ்வாய்

காலை ஆறு மணி.

என் போனில் நெட் கிடையாது, ஹோட்டல் வைஃபை மட்டும்தான். நேற்றுச் சாயங்காலம் லாபிக்குள் நுழைந்ததும் போன் துடித்தது. டூர் குரூப்பில் ஒரு வீடியோ. கோமதி அம்மாள் அனுப்பியது. தங்கைக்கு அனுப்ப வேண்டியதை, கை தவறி முப்பத்துநாலு பேருக்கும் அனுப்பிவிட்டார். நாங்கள் பெட்டியில் மேலே போய்க்கொண்டிருந்தபோது அது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பஸ்ஸில் ஐஸ் துண்டோடு உட்கார்ந்திருந்தவளுக்கும்.

செண்பகம் படியிறங்கி வருகிறாள். நான் முன்னால் மறைக்கிறேன். படத்தில் என்னைப் பார்த்தால் கோழி பிடிக்கிறவன் மாதிரி இருக்கிறது. பின்னால் கோமதி அம்மாள் குரல்: "இவதான் பொண்ணு. இடது காலைப் பாரு. அப்பங்காரன் மறைக்கான் பாரு, கோமாளி. டூருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கான், பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதாம். இது அடங்கிப் போற பிள்ளை. கால் இப்படி இருந்தா கோவிச்சுக்கிட்டு எங்க ஓடப்போறா?" கடைசியில் ஒரு சிரிப்பு.

இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது டேனியல் வந்து, "சார், சத்தத்தைக் குறைச்சுக்கிடுங்க" என்றார்.

ரூமில் செண்பகம் கட்டிலில் காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தாள்.

"தங்கச்சிக்கு நேந்திருந்தேன்னு சொன்னீங்களே, அதுவும் பொய்தானாப்பா?"

நீங்க என்றாள். பிறந்ததிலிருந்து நீதான். எனக்கு முதலில் யாரையோ கேட்கிறாள் என்றுதான் பட்டது.

"உன் நல்லதுக்குத்தான்ம்மா" என்றேன். பிறகு, குறை அவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தால் மனசு ஆறுமே என்று, சிவசைலத்தின் முதல் கல்யாணத்தைச் சொன்னேன். சூடு பட்டதையும், காலையில் பூ வைக்கக் கேட்பார்கள் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "எங்க சூடு?"

"கையிலயா இருக்கும்."

"இருக்குமா? உள்ளங்கையிலயா, புறங்கையிலயா, முழங்கைக்கு மேலயா?"

"அதையெல்லாம் எப்படிம்மா கேக்குறது?"

"சட்டி சுட்டா விரல்ல படும். எங்க சென்டருக்கு வீட்ல சூடு வாங்கிட்டு வாரவங்களுக்கு வேற எடத்துல இருக்கும். படம் எடுக்கும்போது பாப்பேன்." என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் காலையில கேப்பாங்கன்னு சொல்லுதீங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்க, நீங்களே பதில் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா வேண்டாம். சரின்னு சொன்னா சரி. படி ஏறச் சொன்னீங்க, ஏறினேன்லா. அதே மாதிரிதான்."

"கோவத்துல பேசாதம்மா."

"கோவம் இல்லப்பா. எனக்குத் தெரியணும். எல்லாம் தெரிஞ்ச பிறகு நீங்க என்ன சொல்லுவீங்கன்னு பாக்கணும்."

லைட்டை அணைத்துக்கொண்டாள். மணி ஏழரைதான் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான் மட்டும் போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது குளித்துவிட்டேன். பாத்ரூம் கண்ணாடியைப் பார்த்து, "மன்னிக்கணும்மா, எங்களுக்குச் சரிப்படாது" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வருகிறது.

அதே நாள், பத்தரை மணி, பஸ்ஸில்.

டைனிங் ஹாலில் எல்லோரும் இருந்தார்கள். கோமதி அம்மாள் பட்டுப்புடவையில், ஒரு தட்டில் சாக்லேட் டப்பாவும் பத்துமலை வாசலில் வாங்கிய மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். பின்னால் சிவசைலம், இஸ்திரி போட்ட சட்டை.

"நேத்து ஒரு வீடியோ கை தவறிப் போயிட்டு. அதை மனசுல வச்சுக்கிடாதீங்க, நான் வெளிப்படையாப் பேசுறவ" என்றார். யாரும் சாப்பிடவில்லை. "அண்ணாச்சி, எல்லார் முன்னாலயும் கேக்கேன். பொண்ணு தருதீங்களா?"

லூர்து டீச்சர் எழுந்துவிட்டார். "அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. அவ உங்க பிள்ளை."

செண்பகம் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, முறைக்கவில்லை. எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், அதே மாதிரி என்னைப் பார்த்தாள். எங்கே உடைந்திருக்கிறது என்று.

கண்ணாடியில் சொல்லிப் பார்த்தது தொண்டை வரைக்கும் வந்தது. 'மன்னிக்கணும்மா' வரைக்கும் ரெடி. அதற்குள் ஓசூர் ஞாபகம் வந்தது. முப்பத்தொன்று அடுத்த மாதம் முப்பத்திரண்டு ஆகிறது. நான் கண்ணை மூடினால் இவளுக்கு யார்? இவ்வளவு பேர் பார்க்கிறார்கள், தட்டை ஏந்திக்கொண்டு ஒரு பெரிய மனுஷி நிற்கிறார், அவருக்கோ முட்டி வலி. இவ்வளவு காரணம் இருக்கும்போது...

"எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் குரல்தான்.

செண்பகம் ஒரு தரம் தலையை ஆட்டினாள், ஏதோ ரிப்போர்ட் வந்துவிட்ட மாதிரி. கோமதி அம்மாள் அவள் தலையில் பூவை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கும்பிட்டுக்கோம்மா" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலது முட்டியைத் தரையில் ஊன்றினாள். இடது கால் மடங்கவில்லை. அதைப் பக்கவாட்டில் நீட்டிவைத்து, கையை ஊன்றி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. வேண்டாம்மா, இருக்கட்டும்மா என்று ஒரு வார்த்தை கோமதி அம்மாள் வாயில் வரும் என்று பார்த்தேன். அவர் கடைசி வரைக்கும் காத்திருந்தார். முழுக்கக் குனிந்த பிறகுதான், "நல்லா இரு" என்றார். சிவசைலம் ஒரு அடி முன்னால் வந்தார். அம்மா திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

டீச்சர் ஓடிவந்து கையைக் கொடுத்தார். செண்பகம் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தானே எழுந்தாள். எழுந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் கும்பிடணும்லாப்பா" என்றாள்.

மறுபடியும் இறங்கினாள். வலது முட்டி. இடது காலை நீட்டல். கை. நான் வேண்டாம்மா என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, நிறைய நேரம் இருந்தது. அவள் நெற்றி என் செருப்பில் பட்டபோது உள்ளே எங்கேயோ எலும்பு 'கடக்' என்றது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஹாலில் அப்போது யாரோ கை தட்ட ஆரம்பித்து, எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.